முகத்தைப் பார்க்காத சாட்சி

அன்புள்ள பிரகாசம் மாமாவுக்கு,

உங்களுக்கு எழுதும் இந்தக் கடிதத்தை ஊரும் படிக்கப்போகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் இப்படி என்று போகப்போகச் சொல்கிறேன். முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். காணாமல் போன அந்த மனுக்கட்டு கிடைத்துவிட்டது மாமா.

போன மாதம் நம் அலுவலகத்தைச் செம்மண்டலத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய அதிகாரி ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாரும் திறக்காத அவருடைய இரும்பு பீரோ ஒன்று கிடந்தது. கனம் தாங்காமல் பூட்டை உடைத்துக் காலி செய்தார்கள். அடித்தட்டில் சிவப்பு நாடா கட்டி அது இருந்தது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது வீடு போய், புது வீடு தரும் அரசுப் பட்டியலிலும் பெயர் விட்டுப்போனவர்கள் கொடுத்த மனுக்கள். மேல் தாளில் வரிசை எண், உங்கள் கையெழுத்தில். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னோடு தட்டச்சு செய்கிற பெண்கள் வெயில் மயக்கம் என்று நினைத்துச் சோடா வாங்கி வந்தார்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தக் கட்டை நீங்கள்தான் எடுத்து ஒளித்தீர்கள் என்று விசாரணையில் சொன்ன சாட்சி நான் என்பது, அலுவலகத்தில் இருக்கும் புதியவர்கள் யாருக்கும் தெரியாது. உங்கள் மனைவிக்கும், அதாவது என் கூடப்பிறந்த ரெஜினா அக்காவுக்கும், தெரியாமல்தான் இருந்தது.

கடல் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நாம் போட்ட நாடகம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கும்பினிக்காரன் காலத்துக் கடலூர்க் கோட்டையில் ஒரு விசாரணை. கதையை நீங்களே கட்டினீர்கள். கிடங்கில் துணி மூட்டை திருடியதாகப் பழி விழுந்த நெசவாளி நீங்கள். அவனைப் பார்த்ததாகச் சொல்லும் தண்ணீர் சுமக்கிற பெண் நான். கூண்டில் நின்றுகொண்டு அந்த நெசவாளியே அவளைக் கேட்பான்: எவ்வளவு தூரம்? வெளிச்சம் எந்தப் பக்கம்? முகத்தைப் பார்த்தாயா? அவள் கடைசியில் "பாக்கல" என்பாள். அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்கள்.

ஒத்திகையில் உங்களிடம் கேட்டேன்.

"மாமா, அவ பொய் சொல்றாளா?"

"இல்ல ஸ்டெல்லா. பொய் சொல்றவள மடக்கிடலாம். இவ நெஜம்னு நம்பிட்டுத் தப்பா சொல்றா. இவகிட்ட கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கணும். வேற வழி இல்ல."

நாடகம் முடிந்ததும் முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று என்னைத் திட்டினார். அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறேன் என்று ஊர் திரும்பிய பஸ்ஸில் நீங்களும் அக்காவும் சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, மழை மூட்டமாக இருந்த ஒரு சாயங்காலம். கரண்ட் போயிருந்தது. மாடி வராந்தாவில் நின்றிருந்தேன். நீங்கள் பொறுப்பில் இருந்த பதிவறையின் பின்கதவு வழியாக ஓர் ஆள் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். முதுகுதான் தெரிந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. உங்கள் பிறந்தநாளுக்கு நானும் அக்காவும் கடையில் கால் மணி நேரம் நின்று பொறுக்கிய சட்டை. "மாமா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மழைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மனுக்கட்டு காணோம் என்று கூச்சல் எழுந்தது. வெளியூரிலிருந்து வந்த விசாரணை அதிகாரி எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்.

"யாரப் பாத்தீங்க?"

"பிரகாசம் சார் மாதிரி இருந்துச்சு சார்."

"மாதிரியா, அவரேவா?"

"அவரு சட்டைதான் சார்."

எழுதிய தாளை என் பக்கம் தள்ளினார். "நீலக் கட்டச் சட்டையில் பிரகாசம் அவர்களைக் கண்டேன்" என்று இருந்தது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும் எனக்கு; அது என் பிழைப்பு. அதில் "மாதிரி" இல்லை என்பது தெரிந்தது. தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அப்போது என் வேலை நிரந்தரம் ஆகவில்லை. அக்காவின் புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஆனால் பயத்தை மட்டும் சொன்னால் அதுவும் பாதி உண்மைதான். நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நான் நம்பினேன் மாமா. இத்தனை வருஷம் வாய்விட்டுச் சொல்லாதது அதுதான். யாரோ மேலிடத்தில் சொல்லி, நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணையோடு சாட்சி வாக்குமூலத்தின் நகலையும் உங்களுக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த ஞாயிறு பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் வஞ்சிரம் மீன். "ஸ்டெல்லா, உன் கொழம்புல புளி ஜாஸ்தியா போடு, உங்க அக்காவுக்குக் கையே வரமாட்டேங்குது" என்றீர்கள். என் பெயரை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை என்று நான் நிம்மதியாகக் குழம்பு வைத்தேன்.

கட்டு கிடைத்த பிறகு, பழைய விசாரணைக் கோப்பையும் பிரிவில் கேட்டு வாங்கிப் படித்தேன். நீங்கள் கொடுத்த பதில் ஒரு பக்கம்கூட இல்லை. நான் எடுக்கவில்லை என்று ஒரு வரி. அதன் கீழே, சாட்சி பொய் சொல்கிறவர் அல்ல, அவரைக் குறுக்கு விசாரணை செய்ய விரும்பவில்லை என்று இன்னொரு வரி. தேதியைப் பார்த்தேன். அந்த மீன் குழம்பு ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளி.

முகத்தைப் பார்த்தாயா என்று ஒரே ஒரு கேள்வி. மேடையில் சொல்லி மனப்பாடமான கேள்வி. ஏன் மாமா கேட்கவில்லை?

உங்களுக்குச் சம்பள உயர்வு நின்றது. கீரப்பாளையத்துக்கு மாற்றினார்கள். தினமும் இரண்டு பஸ். அதையெல்லாம் நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள். தெருவில் "வீடில்லாதவுங்க மனுவையே முழுங்கினவரு" என்று பேசினார்களே, அதைத்தான் தாங்கவில்லை. பங்குத் திருவிழா நாடகத்துக்கு உங்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அக்கா ரேஷன் கடைக்குப் போவதை விட்டாள். ஒரு காலையில் கீரப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கட்டு கிடைத்த மறுநாள் கண்ணையன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நம் அலுவலக உதவியாளர் கண்ணையன்தான். தாழங்குடா பக்கத்தில் அவர் வீட்டையும் அன்று கடல் கொண்டுபோனது உங்களுக்குத் தெரியும்.

"ஸ்டெல்லாம்மா, அன்னிக்கு அந்தக் கட்ட எடுத்துட்டுப் போனது நான்தாம்மா. அப்ப அதிகாரியா இருந்த பெரிய ஐயா கேட்டாரு, கொண்டு போயி குடுத்தேன். மறுநாளு, வாயத் தொறந்தா வேல போயிடும்னாரு."

"என்ன சட்டை போட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"என்னாது?"

"அன்னிக்கு. என்ன சட்டை?"

அவர் யோசிக்கவே இல்லை. "பிரகாசம் சார் குடுத்ததுதாம்மா. நீலக் கட்டம். எல்லாம் கடலோட போனப்போ, வீட்லேர்ந்து ரெண்டு செட்டு துணி கொண்டாந்து குடுத்தாரு. ரெண்டு மூணு வருஷம் அதத்தான மாத்தி மாத்திப் போட்டேன்."

என் வாக்குமூலத்தில் சட்டை எழுதியிருந்தது. படித்த நிமிஷமே அது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடுத்தவருக்குத் தெரியாதா? வீடு போனவனுக்கு வேலையும் போகக் கூடாது என்று நினைத்தீர்களா? என்னைக் கூண்டில் நிறுத்தக் கூடாது என்று நினைத்தீர்களா? எங்கள் இரண்டு பேருக்காகவும் வாயை மூடிக்கொண்டீர்கள் என்றால், மாமா, எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. யாரைக் கேட்டு அப்படிச் செய்தீர்கள்? அந்த மனு கொடுத்தவர்களில் சில பேர் இன்னும் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். நீங்கள் பேசியிருந்தால் பீரோ அன்றே திறந்திருக்குமே.

கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். அக்கா கேட்டாள்.

சனிக்கிழமை முதுநகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். கடைசித் துணியையும் மடித்து அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவரு எடுத்துருப்பாருன்னு நீ நம்புனியா?"

"ஆமாக்கா."

"இந்த வீட்ல சாப்ட்டுக்கிட்டே நம்புனியா?"

அக்கா துணி அடுக்கைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

"அவரும் நெனச்சுப் பாக்கல. உனக்குப் பாத்தாரு, கண்ணையனுக்குப் பாத்தாரு. நான் ஒருத்தி தெருவுல எப்படி நடப்பேன்னு பாக்கல." குரல் உடையவே இல்லை. உடைந்திருந்தால் நான் ஓடிப்போய்ப் பிடித்திருப்பேன். "ஆபீஸ்ல என்ன எழுதிக் குடுப்பியோ குடு. அது பீரோவுலதான் கெடக்கும். ஊருதான் அவர பேசிச்சு. ஊருக்குத் தெரியிற மாதிரி எழுது. உன் பேரு போட்டு எழுது. அது வரைக்கும் இங்க வராத."

அதனால்தான் இது எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். பிரகாசம் எதையும் எடுக்கவில்லை. எடுத்ததாகச் சொன்னது ஸ்டெல்லா. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டாள். கடலூர் முதுநகரில் அவரைப் பற்றிப் பேசிய எல்லோரும் தயவுசெய்து இதையும் பேச வேண்டும்.

மறுவிசாரணை கேட்டு மனு கொடுத்துவிட்டேன். கண்ணையன் வருகிறேன் என்றார். ஓய்வு பெறும் நேரத்தில் அவர் வீட்டில் பயப்படுகிறார்கள், வருவாரோ மாட்டாரோ. வராவிட்டாலும் நான் போவேன். என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. சில நாள் காலையில் அலுவலகப் படியில் பாதி ஏறி நின்றுவிடுகிறேன். உங்களுக்கும் கீரப்பாளையம் பஸ்ஸில் ஏறும்போது இப்படித்தான் இருந்திருக்குமா?

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். உங்கள் மேல் விழுந்த பழியை நீக்கி உத்தரவு வரும்வரை விடமாட்டேன். அந்த மனுக்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, கொடுத்தவர்களைத் தேடிப் போய்ப் பதிவு எண் கொடுப்பேன். உத்தரவு வந்த அன்று அதை அக்கா கையில் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவேன். மன்னித்துவிடு என்று அவளிடம் கேட்க மாட்டேன். நான் கேட்டால் அவள் மன்னித்துவிடுவாள் மாமா, அவள் மனசு எனக்குத் தெரியும். அவளாக எப்போது உள்ளே கூப்பிடுகிறாளோ, அது எத்தனை வருஷமானாலும், அப்போது போகிறேன்.

மாமா என்று உங்களைக் கூப்பிடும் உரிமையை இன்னும் விடமுடியாத,
உங்கள் கொழுந்தியாள்
ஸ்டெல்லா