இறப்புப் பதிவுத் திரையிலிருந்து எடுக்கப்படாத விரல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மாடி வீடு, நீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்:
பதிவு அலுவலர் அவர்கள்,
பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்.

பொருள்: இரண்டாம் தொடுதிரையைக் கழற்றாமல் விட்டுவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அலுவலகத் தொடுதிரைகளில் தெரியும் ஜன்னல், பொத்தான் அனைத்தையும் வரையும் மென்பொருள் என் மனைவி எழுதியது. அதிகம் பேர் புழங்காத நிரல்மொழி அது. அதில் தயாராகப் பொத்தான் எதுவும் கிடையாது. அழுத்தினால் பள்ளமாகத் தெரியும் நிழலைக்கூட அவரே எழுத வேண்டியிருந்தது. “நாலு பேருக்குத் தெரிஞ்ச மொழிக்கா, அக்கா, இவ்வளவு மெனக்கெடறே?” என்று என் மைத்துனி கேலி செய்வார். “அப்போ அஞ்சாவதா நீ கத்துக்கோ” என்பார் இவர்.

2. அவர் ஒரு விதியில் கண்டிப்பாக இருந்தார். பொத்தானை அழுத்தும்போது எதுவும் நடக்காது. விரலை எடுக்கும்போதுதான் நடக்கும். மனம் மாறினால், விரலைப் பொத்தானுக்கு வெளியே நகர்த்திய பிறகு எடுக்கலாம், உத்தரவு ரத்தாகிவிடும். விடை சொல்லக் கை தூக்கிய மாணவன், ஆசிரியர் பார்ப்பதற்குள் தலையைச் சொறிவதுபோல் காட்டித் தப்பிப்பான் அல்லவா, அதுபோல. விரல் இருக்கும் இடத்தையும் அதன் அளவையும் காட்ட ஒரு சாம்பல் வட்டமும் வரைந்திருந்தார்.

3. சென்ற மாதம் அவர் காலமானார். வெள்ளிக்கிழமை அதைப் பதிவு செய்ய வந்தேன். இரண்டாம் திரையில் விவரங்களை நிரப்பி, ‘உறுதி செய்க’ என்பதை அழுத்தி, விரலை எடுத்தேன். பொத்தான் பள்ளத்திலேயே நின்றது. “சார், கையை எடுங்க, பின்னாடி ஆள் நிக்குது” என்றார் எழுத்தர். என் இரண்டு கைகளும் பையைப் பிடித்திருந்தன. அவர் என் கைகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பின்னால் நின்றவரைப் பக்கத்துத் திரைக்கு அனுப்பினார். சாம்பல் வட்டம் என் விரலைவிடச் சிறியதாக இருந்தது.

4. திரையின் கண்ணாடியைத் துடைத்தும் பார்த்தார்கள். பக்கத்துத் திரையில் மற்றவர்களின் பதிவு தடையின்றி நடக்கிறது. பழுது என்றே நானும் நினைத்தேன். ஆனால் இன்று வட்டம் நடுவில் இல்லை. கடிகாரத்தின் சிறிய முள்ளைப்போல, பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாத அளவு மெதுவாக, பொத்தானின் ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. எழுத்தரும் பேனாவால் கண்ணாடியில் புள்ளி வைத்துச் சரிபார்த்தார்.

5. திரையை மாற்ற நாளை ஆள் வருவதாக அறிகிறேன். திரையைக் கழற்றினால், விரல் எடுக்கப்பட்டதாகவே மென்பொருள் கொள்ளும். வட்டம் இன்னும் பொத்தானுக்குள்தான் இருக்கிறது; அவர் இறப்பு உறுதியாகிவிடும்.

ஆகவே ஐயா, சான்றிதழ் எனக்கு வேண்டியதில்லை. வட்டம் ஓரத்தைத் தாண்டும்வரை யாரும் அத்திரையைத் தொடக்கூடாது என உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒரு நகத்தின் அகலம்தான் பாக்கி.

இடம்: பதிவு அலுவலகக் கூடம், இரண்டாம் திரையின் எதிரே
நாள்: செவ்வாய்க்கிழமை, முற்பகல்

இங்கேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்