ஊதிப் பறந்த படிகம்

கிரெனோபிள்,
மார்ச் 4

மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளரும் என் அன்பு மகளுமான மிரேய்க்கு, உன் தாய் ழினெத் இங்கு நலமாயிருந்து, கனடாவில் உன் நலம் வேண்டி எழுதுவது. உன் பொட்டலம் கைசேர்ந்து ஒன்பது நாள் கழித்து எழுதும் தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். தொலைபேசியில் சொல்லத் துணிவு வரவில்லை.

பனிச்சறுக்கில் முறிந்த உன் தம்பியின் மணிக்கட்டு கூடிவிட்டது. நீயும் அந்தக் குளிரில் தொப்பியின்றித் திரியாதே. இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ மூன்று மாதம் உலையில் வளர்த்த மீகடத்திப் படிகத்தை இங்குள்ள காந்த ஆய்வுக்கூடத்தில் நேரில் சேர்க்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்து, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். பதினான்கு வயதில் பள்ளியை விட்டாலும் நூலகத்தில் நானே பயின்று, கடுங்குளிரில் அதனூடே மின்சாரம் தடையின்றி ஓடும் என்பதையும், மாபெரும் காந்தத்தின் வலிமை எந்த அளவில் அக்குணத்தை முறிக்கிறது என்றே நீ ஆராய்கிறாய் என்பதையும் அறிந்தவள் நான். எதிர்வீட்டு மதாம் புவாசாவுக்கு இதை விளக்கும் பொருட்டே திறந்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கா உம் பொண்ணு இத்தன வருசம் படிச்சா? எம் பூனைக் கண்ணுல தெனமும் இதவிடப் பெருசா பூளை எடுக்கிறேனே" என்றாள். அவளுடைய அறியாமையைப் புறந்தள்ளும் விதமாக, நம் ஊர் வழக்கப்படி கன்னத்தை உப்பவைத்து "ப்ஃபூ" என்று ஊதினேன். பெட்டி காலி.

காந்தத்தைப் பயன்படுத்த உனக்கு ஒதுக்கிய ஐந்து நாள் முறை தவறினால் அடுத்த ஆண்டுதான் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் அறை முழுவதையும் உறிஞ்சி, அதன் பையோடு டிராம் ஏறினேன். காந்தக்கூடத்துத் தொழில்நுட்பர் வியாலே, "வீட்டையே அள்ளிட்டு வந்துட்டீங்களா மதாம்?" என்றார். பிறகு தூசியைச் சிறிது சிறிதாகத் திரவ நைட்ரஜன் கிண்ணத்தில் இட்டார். குளிர்ந்த மீகடத்தி காந்தத்தைக் கண்டால் விலகிவிடும் என்று அவருக்கு நான் எடுத்துரைத்தேன். "அப்ப நீங்களே புடிங்க" என்று காந்தத்தை என் கையில் கொடுத்துவிட்டார். ரொட்டித் துகளும் மதாம் புவாசாவின் பூனை மயிரும் காந்தத்தைப் பொருட்படுத்தாமல் கிடக்க, பதினோராவது கிண்ணத்தில் ஒரு கரும்புள்ளி என்னைவிட்டு விலகி ஓடிற்று. அழுதுவிட்டேன். "இருங்க மதாம், பின்னாலயே இன்னொண்ணும் ஓடுது" என்றார் வியாலே.

இரண்டும் அவருடைய அலமாரியில் பத்திரமாக உள்ளன. முதலில் பெட்டியில் எத்தனை இருந்தன என்பது எனக்குச் சத்தியமாக நினைவில்லை. தேடுகையில் நானே மிதித்து உடைத்திருக்கவும் கூடும். இறைவன் உன் ஆராய்ச்சியையும், என்மீது உனக்குள்ள அன்பையும் காப்பாராக. உன் முறை இருபத்தைந்தாம் தேதி என்பதை மறவாதே.

நீ அனுப்பியது ஒன்றா, இரண்டா? உடனே பதில் எழுது.

உன் தாய்,
ழினெத் பெராஷோன்