ஒரு வரப்பு தள்ளி

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் வீடும் இருக்கிறோம். நீங்களும் சிட்டுவும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேரும்வரையாவது அப்படியே இருக்க வேண்டும்.

சிட்டு பரீட்சையில் தேறிவிட்டதாக எழுதியிருந்தாள். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லுங்கள். கையெழுத்து அப்படியே அவள் அப்பாவுடையதுதான், கோட்டை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் பொடி எழுத்தில், அத்தை, அம்மா இப்பல்லாம் நல்லாத் தூங்கறாங்க, நடுவுல எழுந்து கதவுகிட்டப் போறதில்ல என்று ஒரு வரி. அந்த வரிக்காகவே பத்தொன்பது நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

பின்கட்டுத் தகரம் மாற்றியாயிற்று. குழாய்க்காரர் மூன்று தரம் வந்துவிட்டார், ஒழுக்கு அவரைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. முன்கதவுப் பூட்டை மாற்றவில்லை, எண்ணெய் மட்டும் போட்டேன்.

எங்கள் தொல்பொருள் பதிவு ஆபீஸ் எப்போதும்போலத்தான். தரையில் கிடைத்ததைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜனங்கள் வருகிறார்கள். பொத்தான், பெல்ட் கொக்கி, தையல் விரலுறை, பொம்மைக் காரின் சக்கரம், ஈய முத்திரை. நான் தராசில் வைத்து கிராம் பார்த்து, நீளம் அகலம் அளந்து, எந்த உலோகம், எங்கே கிடைத்தது, யார் கொண்டுவந்தது என்று பதிவேட்டில் ஏற்றுகிறேன். போன வாரம் ஒருவர் சோடா மூடியைப் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்து, ராஜா காலத்து முத்திரை என்றார். உள்ளே கார்க் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினேன். ராஜாவுக்கு சோடா குடிக்கத் தெரியாதா என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். இருநூறு வருஷத்துக்கு இந்தப் பக்கம் உள்ளதையெல்லாம் நவீனம் என்போம், ஓரத்தில் ‘ந.’ என்று எழுதினால் போதும். அண்ணன் இதை வைத்து எவ்வளவு கேலி செய்திருக்கிறார். ஆணி, என்னையும் எடைபோட்டு ஒரு ந. போட்டுடு, அலமாரியில பத்திரமா இருப்பேன் என்பார். சின்ன வயதில் தெருவில் ஆணி பொறுக்கிய பாவத்துக்கு எனக்கு அந்தப் பெயர். அவர் ஆணி என்று கூப்பிட, அண்ணி என்று காதில் விழுந்து நீங்கள் அடுப்படியிலிருந்து என்ன என்று கேட்டுக்கொண்டு வருவீர்கள்.

சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நாளைக்கு ஏதாவது அதிகாரி படிக்கும்படி ஆகலாம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு நாலு நாள் விடாத மழையில் ஊர் முழுக்க மின்சாரம் போனது. லைன்மேன் வேலை அண்ணனுக்கு. வாய்க்காலின் மூன்றாம் மதகுக்குப் பக்கத்துக் கம்பத்தைச் சரிசெய்யச் சொல்லி மத்தியானம் அனுப்பினார்கள். சாயங்காலம் ஏழே முக்காலுக்கு நம் கூடத்தில் விளக்கு எரிந்தது. லைட் வந்துருச்சு, இனி ஆளும் வந்துருவார் என்று நீங்கள் நாலு தட்டு வைத்தீர்கள். அவர் வரவில்லை. விளக்கு எரிந்தது வேறு லைனிலிருந்து வந்த மின்சாரத்தில், இவர் கம்பத்துக்கே போய்ச் சேரவில்லை என்று இலாகாவில் சொல்லிவிட்டார்கள். எங்கேயோ ஓடிப்போய்விட்டார் என்று பேசினவர்களும் உண்டு. உங்கள் காதில் விழும்படியே பேசினார்கள். அது தாங்காமல்தான் நீங்கள் சிட்டுவோடு ஊரைவிட்டுப் போனீர்கள்.

அப்புறம் ஆறு மாதத்துக்கு முன்பு அந்தச் சாவி வந்தது. கொண்டுவந்தவர் காந்தக்காரர். உங்களுக்கு அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக். முதலில் கயிற்றில் காந்தம் கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தார், இப்போது உலோகம் இருந்தால் கத்துகிற மிஷின் வைத்திருக்கிறார். எங்கள் ஆபீஸுக்கு அவரைப்போல யாரும் பொருள் கொண்டுவந்ததில்லை. நல்ல மனுஷன். மேஜைமேல் அவர் வைத்த எட்டுப் பொருளில் ஆறாவது அது. பித்தளைச் சாவி, 61 மில்லிமீட்டர், 14 கிராம், ஒரு பல் கையால் அராவியது. தலையில் ஆணியால் அடித்த மூன்று புள்ளி. அண்ணன் தெருமுனையிலேயே சாவியை வெளியில் எடுத்து, இருட்டில் எந்தப் பக்கம் என்று விரலால் தடவிக்கொண்டே வருவாரே, அந்தப் புள்ளிகள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்படியும் பழக்க தோஷத்தில் ந. என்று எழுதினேன். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். மூணாம் மதகுக்குக் கீழம்மா என்றார்.

இங்கேதான் நீங்கள் என்னை மன்னிக்க முடியாத இடம் வருகிறது.

பொருள் தேடுகிறவர்கள் யாரும் இடத்தை உள்ளபடி சொல்வதில்லை, அண்ணி. நல்ல இடம் என்றால் மற்றவர்கள் மொய்த்துவிடுவார்கள் என்று சற்றுத் தள்ளிச் சொல்வார்கள். எங்கள் ஆபீஸில் அதற்குப் பெயரே ‘ஒரு வரப்பு தள்ளி’. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவங்க சொல்றதை எழுதிக்க, மனசுல ஒரு வரப்பு கூட்டிக்க என்று. பொத்தானுக்கும் கொக்கிக்கும் அதனால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று சிரிப்போம். காந்தக்காரர் வரப்பு தள்ளும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். மேலே சுற்றுகிற விசிறியைப் பார்ப்பார். பத்து வருஷமாக எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் விசிறியைத்தான் பார்த்தார். நான் கவனித்தேன். கவனித்தும் மூன்றாம் மதகு என்றே எழுதினேன். அண்ணன் போன கம்பம் அங்கேதானே, அங்கேதான் கிடைத்திருக்கும் என்று மனசு பிடித்துக்கொண்டது. இடம் சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில் கையெழுத்தும் போட்டேன். உண்மைதானா, தள்ளிச் சொல்றீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மறுநாளே அவர் கண் ஆபரேஷனுக்காக மகள் ஊருக்குப் போய்விட்டார். நான் போய்ச் சொன்னதும் போலீஸில் பதிவேடே போதும் என்று என் வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் ஓடிவந்தீர்கள். பதினோரு நாள் மதகுக்குக் கீழே தோண்டினார்கள். பதினோரு நாளும் கரையில் குடையோடு உட்கார்ந்திருந்தீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை, ஓடுகிற தண்ணீர், அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ஓடிப்போகலைன்னு தெரிஞ்சுதே, அது போதும், உன்னாலதான் தெரிஞ்சுது என்றீர்கள். அந்தக் கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பத்தொன்பது நாளுக்கு முன்பு காந்தக்காரர் ஆபீஸுக்கு வந்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. சௌக்கியமெல்லாம் விசாரித்துவிட்டு, தானாகவே, அந்த எட்டுப் பொருளும் மதகுகிட்ட கிடைச்சது இல்லம்மா, பழைய செங்கல் சூளைக்குப் பின்னாடி மண் எடுத்த பள்ளம், இந்த வருஷம் வத்திச்சே, அங்கதான் என்றார். அருமையான இடமாம், யாருக்கும் சொல்ல மனசு வரவில்லையாம். இப்போது ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். போன மாசம் பள்ளத்தை மூடிக் கான்கிரீட் போட்டுட்டாங்களே, இனி ஒளிச்சு வச்சு என்ன ஆகப்போகுது என்றார்.

ஒரு வரப்பு இல்லை, அண்ணி. ஒன்றரைக் கிலோமீட்டர். சூளைப் பள்ளம் கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வருகிற குறுக்குவழியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் நிற்கும், ஓடாது. எதையும் எங்கும் கொண்டுபோகாது. வேலையை முடித்துவிட்டுத்தான் அவர் திரும்பியிருக்கிறார். நம் கூடத்தில் எரிந்த விளக்கு அவர் போட்டதுதான். தட்டை வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தபோது அவர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அங்கிருந்து நம் வாசலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. எண்ணிப் பார்த்தேன். எண்ணியிருக்கக் கூடாது. ஒன்பது வருஷமாக அந்தப் பக்கமாகத்தான் ஆபீஸ் பஸ்ஸில் போய் வருகிறேன், ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கிக்கொண்டு.

இதோடு நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். ஆனால் பாதி உண்மை சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று. சாவி எந்த ஆழத்தில் இருந்தது, கூட வேறு ஏதாவது கிடந்ததா என்று காந்தக்காரரிடம் கேட்டேன். ஒரு முழ ஆழம் என்றார். பக்கத்தில் ஒரு ரப்பர் பூட்ஸ் இருந்ததாம், மண் ஏறி கனமாக. அதை என்ன செய்தீர்கள் என்றேன். அது வெறும் ரப்பர்தானேம்மா, அதுக்கு மிஷின் கத்துமா, அதான் திருப்பிப் போட்டுக் குழிய மூடிட்டேன் என்றார். தோண்டிய குழியை ஒழுங்காக மூடிவிட்டு வரவேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுப்பது நாங்கள்தான். அந்த பூட்ஸில் ஒட்டு இருந்ததா என்று நான் கேட்கவில்லை, சத்தியமாக எனக்குத் தைரியமில்லை. எழுந்து போகும்போது அவராகவே சொன்னார், குதிகால்ல சைக்கிள் டியூப் வச்சு யாரோ அழகா ஒட்டியிருந்தாங்க என்று.

நீங்கள் ஒட்டியது. நான் பக்கத்தில் இருந்து டியூபைப் பிடித்துக்கொண்டேன்.

அது என் அண்ணன் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழவில்லை. அவரைத் திட்ட எனக்கு என்ன உரிமை. அவர் ஒரு பொய் சொன்னார், அதை உண்மை என்று கையெழுத்துப் போட்டவள் நான். மறுநாள் வந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கொண்டுவருவதில்லை.

பதிவைத் திருத்தக் கேட்டேன். கண்காணிப்பாளர், அந்த வரியை நம்பித்தான் கேஸையே முடிச்சாங்க, இப்ப மாத்தினா ஆபீஸையே சந்தேகப்படுவாங்கம்மா என்கிறார். அந்த இடத்தில் கிடங்கு கட்டுகிறவர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார், அடுத்த மாதம் அந்தத் தளத்தின்மேல் தூண் எழுப்பப் போகிறார்களாம். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு மட்டும் உட்காரச் சொல்லிக் கேட்டார். மூடின கோப்பைத் திறக்கணும்னா மனைவி மனு கொடுக்கணும், தங்கச்சி கொடுத்தா செல்லாது என்றார். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் காத்திருந்ததற்கு நான் செல்லாதவள்.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். காந்தக்காரர் எழுதிக் கொடுத்ததன் நகலும் இருக்கிறது. உங்களை ஏமாற்ற மாட்டேன், இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மனு போய்ச் சேர்வதற்குள் தூண் வந்துவிடும். வந்தாலும் உடைப்பதற்கு ஆயிரம் கையெழுத்து கேட்பார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டால் இனி தூங்க மாட்டீர்கள், போடாவிட்டாலும் தூங்க மாட்டீர்கள். சிட்டு என்னை என்ன நினைப்பாள் என்று தெரியவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இந்த நிமிஷமும் தோன்றுகிறது. ஆனால் வாய்க்கால் தண்ணீரோடு போய்விட்டார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவர் நானூறு எட்டு தூரத்தில் கிடப்பதைத் தெரிந்துகொண்டு என்னால் அந்தக் கதவைத் திறந்து மூட முடியவில்லை.

மனுவில் இடம் என்ற கட்டத்தை மட்டும் நான் நிரப்பிவிட்டேன். காந்தக்காரர் வெளியில் நின்று கைகாட்டிச் சொல்லச் சொல்ல, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வேலையாட்கள் இல்லாதபோது உள்ளே போய் டேப் வைத்து அளந்தேன். பழைய புகைபோக்கியின் அடிக்கல்லிலிருந்து கிழக்கே பதினேழு அடி, வடக்கே நாலு அடி. அளந்து முடித்து அந்த சிமெண்டுத் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறி சூடாக இருந்தது. ஆணி வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

மற்ற கட்டங்கள் உங்களுடையவை. சிட்டு எல்லா சௌபாக்கியத்தோடும் இருக்கட்டும், அவள் வாழ்க்கையில் யாரும் எதையும் தள்ளிச் சொல்லாமல் இருக்கட்டும். உங்களுக்கு என்ன சொல்லி வாழ்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட மனம் வராவிட்டால் போட வேண்டாம், அண்ணி. எனக்கு ஒரு வரி எழுதவும் வேண்டாம். அந்த மனுவையாவது அப்படியே மடித்துத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் தொட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆணி