மாமன் சீரும் ரெண்டு பாஸும்

ஓகஸ்ட் 19, செவ்வாய்

விடிந்ததில் இருந்து மழை. கடைக்கு வந்தவர் ஒரே ஒருத்தர், அவரும் தைக்க வரவில்லை, ஒதுங்க வந்தவர். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். லோஜினி கோல் எடுத்தாள். பட்டமளிப்பு விழா அடுத்த மாதம் பதின்மூன்றாம் திகதி, கொழும்பில், அந்தப் பெரிய மாநாட்டு மண்டபத்தில். ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேர்தான் உள்ளே வரலாமாம், அதுவும் பாஸ் இருந்தால்தான்.

"அம்மாவும் நீயும் வாங்கக்கா."

"சரி, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்தேன். அப்புறம் கதவை அரைவாசி சாத்திக்கொண்டு அழுதேன். மழைக்கு ஒதுங்கினவர் உள்ளேயே நிற்கிறார், மறந்தே போச்சு. "என்ன தங்கச்சி, யாரும் தவறிட்டாங்களா?" "இல்லைங்க, தங்கச்சி டிகிரி பாஸாயிட்டா" என்றேன். பாவம், அந்த மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

அப்பா போன பிறகு இந்த மெஷினில் உட்கார்ந்தவள் நான். அவள் கெம்பஸில் இருந்த நாளெல்லாம் இந்தக் காலால் மிதித்தது. அவள் மேடை ஏறுவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

அம்மாவின் வாய்க்குக் கொக்கி வைக்க எவளாலும் முடியாது. லயம் முழுக்க வீடு வீடாகச் சொல்லி, செய்தி திம்புள்ள வரைக்கும் போய், இன்று பொன்னையா மாமா வந்து இறங்கிவிட்டார்.

அம்மாவின் அண்ணன். தோட்டத்தில் கங்காணி. காலம் பூராவும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் சொல்லி ஆள் கூப்பிட்ட தொண்டை. தேத்தண்ணிக்குச் சீனி கேட்டாலும் எதிர் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"எப்ப கெளம்புறோம்?"

"ரெண்டு பாஸ்தான் மாமா."

"சரியாப் போச்சு. எனக்கும் என் தங்கச்சி காளியாயிக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. நானும் கத்தினேன். அவர் அசையவே இல்லை.

"ஏம்புள்ள, அவ பெரிய மனுசியானப்ப குடிசை கட்டுனது யாரு? மாமன். காது குத்துனப்ப மடியில வச்சது யாரு? மாமன். இதுக்கு மட்டும் மாமன் ஆகாதா?"

"இது சடங்கு இல்ல மாமா. பட்டமளிப்பு விழா!"

"புதுச் சேலை உடுத்தி, மேல ஒண்ணைப் போர்த்தி, ஊரைக் கூட்டி மேடையில நிக்க வைக்கிறாங்கல்ல? அப்ப அதுக்குப் பேரு என்ன?"

கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிகிறது. அம்மா நடுவில் புகுந்து, "அண்ணன் மனசு நோகக் கூடாதுடி" என்கிறாள். அப்ப என் மனசு என்ன, கவ்வாத்து வெட்டுற கத்தியா?

ஓகஸ்ட் 25, திங்கள்

பாஸ் இன்னும் கையில் வரவில்லை. அதற்குள் வீட்டில் ரெண்டு கட்சி. என் கட்சியில் நான் மட்டும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

பாஸ் வந்துவிட்டது. அம்மாவிடம் கொடுக்கவில்லை, அண்ணன் கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவாள். மெஷின் லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

மாமா விட்டுக்கொடுத்துவிட்டாராம். எப்படி? வேன் பிடித்திருக்கிறார். "உள்ள விடாட்டிப் போகுது, நான் வாசல்ல நின்னுக்கிறேன். மாமனை வாசல்ல நிக்க வச்ச பாவம் அவங்கவங்களுக்கு." அவங்கவங்க என்றால் நான். மீனம்மா அத்தை வருகிறாள், தன் புருஷன் போகிறார் என்று. பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா வருகிறாள், கொழும்பு பார்த்ததில்லை என்று. மீதி ஆட்கள் வேனில் இடம் இருக்கிறது என்று. உள்ளே போகப்போவது நானும் அம்மாவும். வேனில் இடம் இல்லாமல் போகப்போவதும் நாங்கள்தான் போல.

செப்டெம்பர் 5, வெள்ளி

லோஜினியின் ஜாக்கெட் முடிந்தது. மாம்பழ மஞ்சள் சேலை, அரக்குக் கரை. கழுத்துக்குப் பின்னால் முடிச்சு வைத்து அரக்கிலேயே பைப்பிங் கொடுத்தேன். எத்தனை பேர் மேடையில் நின்றாலும் என் தையல் எனக்குத் தெரியும்.

ராத்திரி அவள் கோல்: "அக்கா, மாமா தட்டு கிட்டுன்னு தூக்கிட்டு வந்துறாமப் பாத்துக்கோ. என் கூட்டாளிங்க எல்லாம் நிப்பாங்க." மாமாவிடம் சொன்னேன். "தட்டா? நான் எதுக்குத் தட்டு கொண்டாறேன்?" என்றார். அவர் அவ்வளவு சாந்தமாகச் சொன்னதே சரியில்லை.

செப்டெம்பர் 12, வெள்ளி

வேன் வந்துவிட்டது. சீட்டுக்குக் கீழே சேலையில் சுற்றி ஏழு பித்தளைத் தட்டு! என்ன மாமா இது என்றால், "வழியில பசிச்சா பழம் திங்க வேணாமா?" என்கிறார். பழம். வெற்றிலை பாக்கு, குங்குமம், கற்கண்டு, பட்டுச் சேலை, ஒரு பேனா, ஒரு கைமணிக்கூடு. யாருக்கு இதெல்லாம் பசிக்கும்? ஹோர்ன் அடிக்கிறார்கள். போறேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

மண்டபத்தின் கேட் திறக்கும் முன்பே நாங்கள் வாசலில். பெரட்டுக்குப் பிந்தினால் பேர் வெட்டுவார்கள் என்கிற பழக்கம், யாருக்கும் விட்டுப் போகவில்லை. கொழும்பு வெக்கையில் எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றி வேனில் எறிந்தோம். கட்டடமா அது? எங்கள் தேயிலை பெக்டரி மாதிரி பத்தைத் தூக்கி உள்ளே வைக்கலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணாடிக் கதவு, எதைத் தள்ளுவது எது தானாகத் திறப்பது என்று தெரியாது. பேச்சியம்மா ஒரு ஜன்னலைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

பாஸைக் காட்டி அம்மாவும் நானும் உள்ளே போனோம். திரும்பிப் பார்த்தேன். மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். "போயிட்டு வாங்க" என்றார், மெதுவாக. மாமா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனாலும் பாஸைக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கணும்?

உள்ளே ஏசி. நுவரெலியாப் பக்கம் பிறந்து வளர்ந்த ரெண்டு பேர் கொழும்பில் வந்து பல் கிட்டி நடுங்குகிறோம்! ஸ்வெட்டர் வேனில். பக்கத்து நாற்காலியில் இருந்த சிங்கள அம்மா, பாவம், தன் சால்வையில் பாதியை அம்மாவுக்குப் போர்த்திவிட்டார்.

மேடை எங்கேயோ தூரத்தில். பிள்ளைகள் கட்டைவிரல் அளவு. அதோடு எல்லாருக்கும் மேலே கறுப்பு அங்கி. கழுத்து முடிச்சு, பைப்பிங், என் தையல், எல்லாம் அங்கிக்குள்ளே போயாச்சு! மாமா அன்றைக்குச் சொன்ன 'மேல ஒண்ணைப் போர்த்தி' இதுதானா! சேலைக் கரை மட்டும்தான் கீழே தெரிகிறது. சரி என்று கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மைக்கில் பேர் ஓடுகிற வேகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. பச்சைக் கரை போனது, நீலம் போனது... மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை!

"அம்மா, லோஜினி!" எழும்பி நின்று கை வலிக்கத் தட்டினேன். கண்ணெல்லாம் தண்ணீர். அம்மா வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள் பாருங்கள், மாரியம்மன் தேருக்குப் போடுகிற முழுக் குலவை. மண்டபமே திரும்பியது. மேடையில் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் கையை நீட்டினபடியே நின்றுவிட்டார்.

பக்கத்து அம்மா எங்களைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். "எங்கள் மகளை உங்களுக்குத் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்கிறார்.

அவர் மகளாம். மஞ்சள் சேலை உலகத்தில் ஒன்றா இருக்கும்? கட்டிப்பிடித்து அழுகிற மனுசியிடம் என்ன சொல்வது? அம்மா பேசாமல் தலையை ஆட்டிவிட்டாள், தெரியும் என்று. அவர் உடனே போனை எடுத்து மகளின் சின்ன வயதுப் படங்களைக் காட்ட ஆரம்பித்தார். முன் பல் விழுந்த படம். பாலர் வகுப்புப் படம். மரியாதைக்குக் குனிந்து பார்த்தோம். நிமிர்ந்தபோது ஒரு மஞ்சள் சேலை மேடையின் அந்தப் பக்கப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அதுதான் லோஜினி. முதுகு மட்டும்.

என்னத்த எழுதுறது? இத்தனை வருஷம் மிதிச்சேன். மாமாவோட மல்லுக்கு நின்னேன். யாரு பெத்த புள்ளைக்கோ கை தட்டிட்டு வந்தேன். எனக்கு நல்லா வேணும்.

வெளியே வந்தால் கேட்டில் மாமாவையும் காணோம், ஆட்களையும் காணோம். காவலாளி பக்கத்து மண்டபத்தைக் காட்டிச் சிரிக்கிறார். அங்கே கல்யாணக் கண்காட்சி. நகைக்கடை, கேக்குக்கடை, பூ அலங்காரம், நடுவில் ஒரு மேடை. மேடையில் எங்கள் ஆட்கள், கையில் தட்டோடு, வரிசையாக!

நடந்ததை அத்தை மூச்சு வாங்கச் சொன்னாள். இவர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கிறார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்து, வாங்க வாங்க, நேரமாச்சு என்று பின்கதவால் கூட்டிப் போயிருக்கிறது. தமிழ்க் கல்யாணம் நடித்துக் காட்ட வேறொரு கோஷ்டி வரவேண்டியதாம், அவர்கள் வரவில்லை. மாமா என்ன நினைத்தார்? "நம்ம லோஜினி கெட்டிக்காரி, பாஸ் இல்லேன்னு ஆளை அனுப்பிட்டா!"

மேடையில் ஏற்றி, ஒரு அலங்காரப் பொம்பளைப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தி, சீரைக் கொடுங்கள் என்றிருக்கிறார்கள். மாமா ஒரு எட்டுப் பின்னால் போய்விட்டார். "இது யாரு? என் தங்கச்சி மகளா? தட்டைத் தொடாதீங்க." மனாலிய கோ, மணப்பொண்ணு எங்கே என்று அவர்கள் கேட்க, இவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "மனாலிய நே. அபே துவ. டிகிரி" என்று சொல்லியிருக்கிறார், மணப்பொண்ணு இல்ல, எங்க மக, டிகிரி என்று. அதற்கு மேல் யாராலும் அவரை இறக்க முடியவில்லை. உரிய பிள்ளை வராமல் சீர்த்தட்டைத் தரையில் வைக்கக் கூடாதே. அதனால் விழா முடியும் வரைக்கும் தட்டுகள் கையிலேயே. சனம் வந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறது. பேச்சியம்மா மட்டும் ஒற்றைக் கையில் தட்டும் மற்றக் கையில் இலவசக் கேக்குமாக நின்றாள். மாமா பாரத்தைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு நிற்கிறார்.

அப்போது பார்த்து அங்கியோடு லோஜினி, பின்னால் அவள் கூட்டாளிகள். ஓடிப்போய் மறித்தேன். "நீ வெளிய நில்லு, நான் எல்லாரையும் இறக்கிக் கூட்டிட்டு வாறேன்." அவள் என் தோளுக்கு மேலாக மேடையைப் பார்த்தாள்.

"காலையில இருந்து இப்படியேவா நிக்கிறாரு?"

"ஆமா. உனக்காகத்தான்."

"ஐயோ மாமா" என்றாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். மாமாவுக்கு எதற்கு மைக்? "லோஜினி வந்தாச்சு!" என்று ஒரு சத்தம், நகைக்கடைக்காரர்கள் எல்லாம் எழும்பிவிட்டார்கள். குங்குமம் வைத்தார், பட்டைக் கையில் கொடுத்தார், மணிக்கூட்டைத் தானே கட்டிவிட்டார். அம்மா குலவை போட்டாள், இந்தத் தடவை சரியான பிள்ளைக்கு. கூட்டாளிப் பிள்ளைகள் போட்டி போட்டு வீடியோ எடுக்கிறார்கள். "ஜீவராணி, அங்க என்னடி வேடிக்கை? அக்காக்காரி மேல வந்து தட்டைப் புடி!" என்று மாமா கத்தினார். போய்ப் பிடித்தேன்.

வேனில் லோஜினி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் ஏறுனப்ப பாத்தியாக்கா?"

"பாக்காம?" என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டெம்பர் 15, திங்கள்

அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. லயமே அமைதியாக இருக்கிறது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

லோஜினி மேடைப் படத்தோடு வந்தாள். சட்டம் போட்டு, பெரிதாக. கூட்டாளிகளின் படங்களையும் போனில் காட்டினாள். எல்லாப் பிள்ளையும் கெமராவைப் பார்த்து அழகாகச் சிரிக்கிறது. இவள் பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு முகத்தை மண்டபத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏண்டி, ஒரு படத்துக்கு ஒழுங்கா நிக்க மாட்டியா?"

"உன்னையத் தேடுனேன்கா. கூட்டத்துல தெரியல."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன், மஞ்சள் சேலை, பல் விழுந்த படம், எல்லாம். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அது நெத்மி. அவங்க அம்மா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அந்தப் பாசமான தமிழ் அம்மா யாருன்னு." அப்புறம் சொன்னாள்: "நான் வரிசையில நின்னு கைகால் உதறிக்கிட்டு இருந்தேன்கா. மைக்ல என்ன சொல்றாங்கன்னே கேக்கல. அப்பத்தான் குலவை கேட்டுச்சு. சரி, நம்மாளுங்க உள்ள இருக்காங்கன்னு ஏறிட்டேன்."

நான் அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

ஒக்டோபர் 16, வியாழன்

தீபாவளி நெருக்கம். கடையில் நிற்க இடமில்லை. மெஷினுக்கு மேலே படத்தை மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், பிள்ளை ஏன் கோணலாகப் பார்க்கிறது என்று. "என்னைத்தான் பாக்குறா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை.

இன்று மாமா சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னே பெரட்டுக் களத்துத் தொண்டை முந்திக்கொண்டது:

"அதுவா? என்னையத் தேடுறா. மாமன் வெளிய நிக்கிறானேன்னு கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறா பாருங்க, புள்ளைக்கு மனசே ஆறல."

கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வாயில் குண்டூசி. அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

ஊசியை எடுத்த பிறகும் சொல்லவில்லை.