எட்டு வருஷமாக நின்ற கடிகாரம்

மாசசூசெட்ஸ்,
அக்டோபர் 1783

ஜெயித்துவிட்ட என் வீட்டுக்காரருக்கு,

இங்கிலாந்து ராஜா தோற்றுவிட்டார், இனி நாம் சுதந்திர நாடு என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. சந்தோஷம். இங்கே தேவாலய மணியை அடித்து அடித்துக் கயிறே அறுந்துபோனது.

ஆனால் அடுத்த வரியிலிருந்தே உத்தரவுகள்! பழுப்புப் பசுவை விற்காதே என்கிறீர்கள். அது செத்து மூன்று வருஷம் ஆகிறது. கீழ்வயலில் கோதுமை போடச் சொல்கிறீர்கள். அங்கே நான் வைத்த ஆப்பிள் மரங்கள் காய்த்துக் குலுங்குகின்றன. போதாததற்கு, நம் மகள் மெஹிட்டபிளை உங்கள் கேப்டனின் மகனுக்குப் பேசி முடித்துவிட்டீர்களாம்.

அவளிடம் வாசித்துக் காட்டினேன். மாவு பிசைந்த கையை உதறிவிட்டுக் கேட்டாள்: "ஏம்மா, எங்கேயோ உக்காந்துக்கிட்டு, நம்மள ஒரு வார்த்தை கேக்காம உத்தரவு போடுறாருன்னுதானே அப்பா அந்த ராஜாவோட சண்டைக்குப் போனாரு?"

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, நானும் அவளோடு மாவு பிசைய உட்கார்ந்தேன்.

நீங்கள் கிளம்பிய அன்று காலை, என் சீதனக் கடிகாரத்தை ஓடவைக்கும் ஈயக் கட்டிகளையும் கேட்காமல்தான் கழற்றினீர்கள், தோட்டா வார்க்க. அன்றிலிருந்து அது ஆறே காலிலேயே நிற்கிறது. இத்தனையும் பார்த்துக்கொண்ட எனக்கு வேறு கட்டி வாங்கி மாட்டத் தெரியாதா? ஏனோ மாட்டவில்லை.

பனி விழுவதற்குள் வந்து சேருங்கள். இரண்டு ஈயக் கட்டிகள் கொண்டுவாருங்கள். அந்த ராஜாவை மட்டும் வழியில் எங்காவது இறக்கிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
எட்டு வருஷமாக யாரையும் கேட்காமல் வீட்டை நடத்தியவள்