ஆற்றங்கரையில் நின்ற ஜீப்

அன்புள்ள சொர்ணத்துக்கு,

நீயும் நிறைமாதமாக இருக்கும் நம் மகள் கனகாவும் சுகந்தானே? இந்த ஒடிசா மலைக்காட்டில் உன் மாமன் இல்லாமல் மருத்துவ முகாமே நடக்காது. டாக்டரம்மாவே என்னைக் கேட்டுத்தான் ஊசி போடுகிறார்.

போன வாரம் டாக்டரம்மா முகாமில் இல்லாத நாளில் ஒருவன், வலி கண்ட மனைவியைக் கட்டிலோடு பக்கத்து ஊர் நர்ஸிடம் தூக்கிப்போகக் கிளம்பினான். "ஏலே, நான் திண்டுக்கல் டிரைவருடா! அரை மணியில பெரியாஸ்பத்திரியில விடுறேன்" என்று அரைகுறை இந்தியில் அதட்டி ஜீப்பில் ஏற்றினேன். வழியில் ஆற்றில் வெள்ளம். நான்கு மணி நேரம் கரையிலேயே நின்றோம். தாய் பிழைத்தாள், பிள்ளை இறந்தே பிறந்தது. அவன் என் கையைப் பிடித்துக் கும்பிடுகிறான். அடித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

கனகாவுக்கு வலி வரட்டும் என்று காத்திருக்காதே, இப்போதே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு. எனக்கு ஒரு துண்டு அனுப்பு. இருந்ததைப் பிள்ளையைச் சுற்றக் கொடுத்துவிட்டேன். வண்டிக்கு ஆள் வந்துவிட்டது.

ஆவுடையப்பன்