மூக்கின் எடை

மார்ச் 2, ஞாயிறு

அத்தானின் டீக்கடை ட்ரெய்லர் இன்று வந்தது. வெள்ளை வர்ணம், மேலே தூக்கி நிறுத்தும் பக்கக் கதவு, உள்ளே அடுப்பு மேடை. அக்கா சும்மா சும்மா ஏறி இறங்கினாள்.

சாமான் ஏற்றி அத்தானின் சின்னக் காரில் மாட்டியதும் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் டிரம்மையும் காஸ் சிலிண்டரையும் ட்ரெய்லரின் கடைசிக்கு நகர்த்தினார். கார் நிமிர்ந்தது. ட்ரெய்லர் தரையில் ரசமட்டத்தை வைத்து, நடுவில் நின்ற குமிழியை வீடு முழுவதையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ட்ரெய்லரின் மூக்கை, காரில் கோர்க்கும் அந்த முன்நுனியை, கழற்றி ஒரே கையால் தூக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்?

மார்ச் 4, செவ்வாய்

காருக்குள் கிடந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். இந்தக் கார் இழுக்கக்கூடியது நானூற்றைம்பது கிலோ. ட்ரெய்லர், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் அறுநூறுக்குக் குறையாது. அதோடு, ட்ரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் ஓட்டத்தில் வாலாட்டும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறது.

அத்தானிடம் சொன்னேன். சொன்னேன் என்றால் — கதவோரம் நின்று, பாதியை மட்டும்.

"புக்கு எழுதினவன் டீ விப்பானா, விஞ்ஞானி? குமிழி நடுவுலதானே நிக்குது?"

அப்பா சிரித்தார். "மாப்பிள்ளைக்குத் தெரியாததா?"

மின்சார பில்லிலிருந்து மருந்துச் சீட்டு வரை, இந்த வீட்டுக்கு வரும் அச்சடித்த எல்லாமே என்னிடம்தான் வரும். படித்த ஆள் நான் ஒருத்திதான். நான் வாசித்துச் சொன்னால் அப்பா அந்த மாத்திரையை அப்படியே விழுங்குகிறார். இதை மட்டும் ஏன் நம்ப மாட்டார்?

மார்ச் 9, ஞாயிறு

வெள்ளோட்டம். முன்னால் அத்தானும் அக்காவும், பின்னால் நானும் அக்காவின் குழந்தையும். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது ட்ரெய்லர் ஒரு பக்கம் ஒதுங்கியது. பிறகு மறுபக்கம். பக்கத்துக் கண்ணாடியில் அந்த வெள்ளைச் சுவர் வந்து வந்து போனது. காரின் வாலை யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி. அத்தான் பிரேக்கை அழுத்தினார். ஆட்டம் இன்னும் கூடியது. ஓரத்து மண்ணில் இறங்கி நின்றோம். அந்த நேரத்தில் லாரி எதுவும் வரவில்லை. நாங்கள் பிழைத்ததற்கு வேறு காரணமே கிடையாது.

குழந்தை "இன்னொரு தடவை" என்றது.

"காத்து," என்றார் அத்தான்.

காத்தாம். மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

அக்கா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நீயாவது பேசக் கூடாதா, அக்கா? — நான் மட்டும் பேசினேனா?

மார்ச் 11, செவ்வாய்

குளியலறை எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், அதன்மேல் மரக்கட்டை வைத்து, ட்ரெய்லரின் மூக்கை இறக்கினேன். அறுபது கிலோவுக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் எட்டு. எங்கள் வீட்டுக் குழந்தை அதைவிடக் கனம்.

அத்தானைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா, எவ்ளோ லேசு. இதுக்குத்தானே நான் அன்னிக்கு அவ்ளோ கஷ்டப்பட்டேன்."

அழுகை வந்தது. கோபம் வந்தால் எனக்கு அழுகைதான் வரும். பார்க்கிறவர்கள் பயந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 13, வியாழன்

சனிக்கிழமை மலைப்பாதை வழியாகக் கண்காட்சித் திடலுக்குக் கிளம்புகிறார்களாம். அதே கார். குழந்தையும்.

"நல்ல காரியத்துக்குப் போறப்போ வாயை வெக்காதே," என்றாள் அம்மா. வைப்பதற்கு எனக்கு வாய் எங்கே இருக்கிறது?

மார்ச் 15, சனி

செய்துவிட்டேன்.

ட்ரெய்லர் திருடுபோகாமல் இருக்க அத்தான் ஒரு பூட்டு வாங்கி வைத்திருந்தார். அதை மூக்கில் மாட்டிவிட்டால் எந்த வண்டியிலும் கோர்க்க முடியாது. விடிந்ததும் மாட்டினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு வந்துவிட்டேன். ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவும்போது ஒன்று கை நழுவி உடைந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அத்தான் பள்ளி வாசலில். வாட்ச்மேன் மறித்துக்கொண்டு நின்றார். "டீச்சர், இவரு உங்க ஆளுங்கறாரு. உள்ள விடலாமா?" நான் டீச்சர் இல்லை, ஆய்வக உதவியாளர். இன்று திருத்தவில்லை.

"சாவியைக் குடு."

"தரேன். நீங்க மட்டும் போங்க. அக்காவும் குழந்தையும் வர மாட்டாங்க."

"அதைச் சொல்ல நீ யாரு?"

"அன்னிக்குக் கார்ல பின்னாடி உக்காந்திருந்தவ."

"அன்னிக்கு அடிச்சது காத்து."

"அப்போ தனியா போக என்ன பயம்?"

என் குரல்தான் அது. வாட்ச்மேன் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அத்தான் அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டு என்னைப் பற்றிப் புகார் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சாவியை நீட்டினேன். வாங்காமலே திரும்பிப் போனார்.

மார்ச் 16, ஞாயிறு

திடலில் பிடித்து வைத்த இடம் கைவிட்டுப் போயிற்று.

"இதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?" என்றார் அப்பா.

ஆமாப்பா. இதுக்குத்தான். வேற எதுக்கு? — சத்தமாகச் சொல்லவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

பாத்திரம் கழுவும்போது அக்கா மெல்லச் சொன்னாள். "நானும் வரலைன்னுதான் சொன்னேன். உனக்காகன்னு நெனச்சுக்காதே. பாலத்துலயே முடிவு பண்ணிட்டேன்டி."

அப்படியானால் இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை? என்னைத் தனியாக நிறுத்திவிட்டு... அவள்மேலும் கோபம்.

மார்ச் 22, சனி

ட்ரெய்லரை இழுக்க, காய்கறி மண்டிக்காரரின் பிக்கப் வண்டி வாசலில் நிற்கிறது. அதன் கையேட்டையும் படித்துவிட்டேன்; இந்த ட்ரெய்லரைப் போல இரண்டை இழுக்கும். அதன் கொக்கி உயரம் என்பதால் முதலில் ட்ரெய்லரின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. வெல்டிங்காரர் கொக்கியைக் கீழே இறக்கிக் கொடுத்தார். டிரம்மும் சிலிண்டரும் சக்கரத்துக்கு முன்னால் வந்துவிட்டன. அத்தான் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை.

"சின்னக் கார் தாங்காதுன்னு எனக்கு அப்பவே ஒரு டவுட்டு," என்று மண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பவேவாம்.

மார்ச் 29, சனி

அடுத்த ஊர்க் கண்காட்சிக்கு, விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டார்கள். என்னிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அக்கா போன் செய்தாள்: மலை இறங்கியாயிற்றாம், குழந்தை வழியெல்லாம் தூக்கமாம்.

குளியலறை எடை மெஷினைக் காணோம். ட்ரெய்லர் நின்ற இடத்தில் மரக்கட்டை மட்டும் கிடக்கிறது. அம்மா காலையிலிருந்து தேடுகிறாள். தேடட்டும்.